ரில்லியம் விதையிலிருந்து: ஒன்ராறியோவில் சிறிய காட்டுப்பூ நாற்றுமேடை தொடங்குவோருக்கு

ஒன்ராறியோ ஓட்டுநர் உரிமத்தை எடுத்துப் பாருங்கள். மாகாண அரசின் சின்னமாக அதில் இருக்கும் மூவிதழ் வடிவம் வெள்ளை ரில்லியம். 1937 முதல் ஒன்ராறியோவின் மாகாணப் பூ அதுதான். ஏப்ரல் கடைசியிலிருந்து மே நடுப்பகுதி வரை ரொறன்ரோவை ஒட்டிய ரூஜ் பள்ளத்தாக்கிலும் மேப்பிள் மரக்காடுகளிலும் தரை வெள்ளையாகும் அளவுக்குப் பூக்கிற செடி. இருந்தும் நாற்றுக் கடைகளில் விதை போட்டு உண்டாக்கிய ஒரு ரில்லியத்தைக் கண்டுபிடிப்பது கடினம். விதையிலிருந்து முதல் பூவுக்கு ஏழு ஆண்டுகள் ஆகலாம், சிலவேளை பத்தும் ஆகும். அதனால் பலர் விதையைத் தொடுவதே இல்லை. காட்டில் தோண்டிய கிழங்குகளைச் சாடியில் வைத்து விற்கும் வியாபாரம் இன்றும் நடப்பதற்கு இது ஒரு காரணம்.

ஏழு ஆண்டு என்று கேட்டதும் பின்வாங்குவோருக்கு ஒரு விடயம் சொல்ல வேண்டும். அந்த ஏழு ஆண்டிலும் நீங்கள் செய்யப்போகும் வேலை மிகக் குறைவு. விதை எடுக்க ஒரு நாள், விதைக்க ஒரு நாள், பிறகு தண்ணீர், களை, குளிர்காலத்துக்குச் சருகு மூடுவது. மீதியைச் செடி பார்த்துக்கொள்ளும். இந்தத் தொழில் தோற்பது விதை முளைக்காததால் அல்ல, முளைத்துக்கொண்டிருக்கும் விதைத் தட்டை வெறும் மண் என்று நினைத்துக் கொட்டிவிடுவதால்தான். இனிச் சொல்லும் படிகளில் பாதி, அந்தத் தட்டைக் கொட்டாமல் வைத்திருக்க உங்களுக்கு வழி செய்து கொடுப்பவை.

ஏன் இத்தனை மெதுவாக வளர்கிறது

காட்டுத் தரையில் வெயில் விழும் காலம் சிறியது. பனி கரைவதற்கும் மேலே மேப்பிளும் பீச்சும் இலை விரிப்பதற்கும் இடையில் சில வாரங்கள்தான். ரில்லியம் அந்த வாரங்களிலும், பிறகு நிழலுக்குள் கிடைக்கும் சொற்ப வெளிச்சத்திலும் சமைத்த உணவைக் கிழங்கில் சேர்த்துவைக்கிறது. ஓர் ஆண்டில் அது விடுவது ஒரே ஒரு இலை வட்டம். பூவோடு சேர்த்து அதைப் பறித்துவிட்டால் அந்த ஆண்டில் மறுபடி தளிர்க்காது. கிழங்கு இளைத்துப் போகும். பல ஆண்டுகள் பூக்காமல் இருக்கும், இறந்தும் போகலாம்.

நாற்றுமேடைக்காரருக்கு இதிலிருந்து ஒரு பாடம் உண்டு. இலை எத்தனை நாள் பச்சையாக நிற்கிறதோ அந்த அளவுக்குக் கிழங்கு பருக்கும். கோடையில் மண் காய்ந்தால் நாற்று ஜூலையிலேயே மஞ்சளாகி உறங்கிவிடும். ஈரமாக வைத்திருந்தால் ஓகஸ்ட் கடந்தும் நிற்கும். காட்டில் பத்து ஆண்டு எடுப்பதை நாற்றுமேடையில் ஏழாகவோ ஆறாகவோ குறைக்கலாம் என்றால், அது இந்தத் தண்ணீரால்தான்.

எந்தச் செடியில் தொடங்குவது

ரில்லியம் மட்டும் வைத்து நாற்றுமேடை தொடங்காதீர்கள். முதல் விற்பனைக்கே ஐந்தாறு ஆண்டு காத்திருக்க யாராலும் முடியாது, வீட்டாரும் விடமாட்டார்கள். வேகமானது, நடுத்தரமானது, மெதுவானது என்று மூன்று வகையையும் ஒரே ஆண்டில் தொடங்குங்கள்.

வேகத்துக்குக் காட்டுக் கொலம்பைன். சிவப்பும் மஞ்சளுமாகத் தொங்கும் பூ, ஹம்மிங்பேர்ட் தேடி வரும். கறுப்பு மணி போன்ற விதையை மண்ணின் மேலே தூவினால் போதும். முளைக்க வெளிச்சம் வேண்டும் என்பதால் மூடக்கூடாது. ஒரு குளிர்காலம் வெளியே கிடந்தால் வசந்தத்தில் முளைத்து, அடுத்த ஆண்டே பூக்கும். உங்கள் மண்ணுக்கும் தட்டுக்கும் ஆகும் செலவை இதுதான் கொடுக்கப்போகிறது. வைல்ட் ஜெரேனியத்தையும் இதோடு சேர்க்கலாம்.

நடுத்தரத்துக்குப் பிளட்ரூட், ஹெப்பாட்டிக்கா, ஜாக் இன் த புல்பிட். இவை பெரும்பாலும் மூன்றாம் நான்காம் ஆண்டில் பூக்கும். பிளட்ரூட்டின் கிழங்கை வெட்டினால் செம்மஞ்சள் பால் வடியும், தோலில் பட்டால் எரிக்கும். ஜாக் இன் த புல்பிட் நம்முடைய சேம்பு, கருணைக்கிழங்கு குடும்பம். கருணைக்கிழங்கு நறுக்கும்போது கை அரிப்பதற்குக் காரணமான அதே கல்சியம் ஒக்சலேற் ஊசிகள் இதன் சிவப்புப் பழச் சதையிலும் இருக்கின்றன, கையுறை இல்லாமல் தொடாதீர்கள். இந்தச் செடியில் ஒரு விசித்திரமும் உண்டு. சிறிய கிழங்கு ஆண் பூ விடும், பருத்த பிறகு பெண் பூ விடும், ஓர் ஆண்டு பழம் சுமந்து களைத்தால் மறுபடி ஆணாகிவிடும். எனவே விதைக்காகத் தாய்ச்செடி வாங்கும்போது இரண்டு இலைத் தொகுதியுள்ள பெரிய செடியாகப் பார்த்து வாங்குங்கள். ஒற்றை இலைச் செடி பெரும்பாலும் ஆண்.

வைல்ட் ஜிஞ்சர் விதையிலும் வரும், ஆனால் கிழங்கைப் பிரித்து நடுவது பல மடங்கு இலகு. பெயரில் இஞ்சி இருப்பதால் ஒரு எச்சரிக்கை: வாசனையும் கொஞ்சம் இஞ்சி போலத்தான் இருக்கும், ஆனால் தேநீருக்கும் ரசத்துக்கும் போடக்கூடாது. சிறுநீரகத்தைக் கெடுக்கும் அரிஸ்டொலோக்கிக் அமிலம் அதில் இருக்கிறது. வாங்குவோருக்கும் இதைச் சொல்லிவிடுங்கள்.

மெதுவான வரிசையில் வெள்ளை ரில்லியமும் சிவப்பு ரில்லியமும் போதும். சிவப்பின் பூ அழுகிய இறைச்சி போல மணக்கும், அதை நாடி வருபவை ஈக்கள். வாசல் ஓரத்தில் வைக்க விரும்புபவரிடம் இதையும் முன்கூட்டியே சொல்வது நல்லது. வர்ணக்கோடு விழுந்த பெயின்ரட் ரில்லியம் பார்க்க மிக அழகு, ஆனால் கடும் அமில மண் கேட்கும். புதியவர்கள் அதை விட்டுவிடலாம்.

விதைக்கு எங்கே போவது

ரூஜ் தேசிய நகரப் பூங்காவில் ஒரு விதைகூட எடுக்க முடியாது. 2015 இல் உருவான அந்தப் பூங்கா பார்க்ஸ் கனடாவின் பொறுப்பில் இருக்கிறது. மாகாணப் பூங்காக்களிலும் இயற்கைப் பாதுகாப்பு வலயங்களிலும் அப்படித்தான். ரில்லியத்தைப் பறித்தால் ஒன்ராறியோ எங்கும் குற்றம் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி ஒரு பொதுச் சட்டம் இல்லை. இடத்தைப் பொறுத்துத்தான் தடை. ஆனால் ட்ரூப்பிங் ரில்லியம் என்ற இனம் அழியும் ஆபத்தில் இருப்பதாகப் பட்டியலிடப்பட்டது, தென்மேற்கு ஒன்ராறியோவில் எங்காவது கண்டால் தொடாமல் விட்டுவிடுங்கள்.

நேர்மையான வழிகள் மூன்று. முதலாவது, நம்பகமான நாற்றுமேடையில் தாய்ச்செடிகள் வாங்கி உங்கள் தோட்டத்திலேயே விதை எடுப்பது. இரண்டு ஆண்டு தாமதமானாலும் எனக்கு இதுதான் பிடித்த வழி, ஏனென்றால் பழம் எப்போது பழுக்கிறது என்று தினமும் பார்க்கலாம். இரண்டாவது, காட்டு நிலம் வைத்திருப்பவரிடம் அனுமதி கேட்டு எடுப்பது. எடுக்கும் அளவு பத்தில் ஒன்றைத் தாண்டக்கூடாது. மூன்றாவது, விதைப் பரிமாற்றம். ரொறன்ரோவில் 1984 இல் கனேடியன் வைல்ட்ஃபிளவர் சொசைற்றி என்ற பெயரில் தொடங்கி, இன்று நோர்த் அமெரிக்கன் நேட்டிவ் பிளான்ற் சொசைற்றி என்று அழைக்கப்படும் அமைப்பு உறுப்பினர்களுக்குள் விதைப் பரிமாற்றம் நடத்துகிறது. அங்கே வரும் ரில்லியம் விதை ஈரமாகப் பொதியப்பட்டிருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். கடைகளில் காகித உறையில் உலர்ந்து தொங்கும் ரில்லியம் விதையை வாங்காதீர்கள். உலர்ந்தது முளைப்பது அபூர்வம், முளைத்தாலும் இன்னோர் ஆண்டு கூட எடுக்கும்.

தாய்ச்செடி வாங்கும்போது கேட்க வேண்டிய ஒரே கேள்வி, “விதையிலிருந்து நீங்களே உண்டாக்கினீர்களா?” என்பதுதான். “எங்கள் நாற்றுமேடையில் வளர்ந்தது” என்ற பதில் போதாது. காட்டில் தோண்டி ஓர் ஆண்டு சாடியில் வைத்தாலும் அது நாற்றுமேடையில் வளர்ந்ததுதான். பூக்கும் பருவத்து ரில்லியம் நம்ப முடியாத மலிவில் கிடைத்தால், அதற்காக ஏழு ஆண்டு யாரும் தண்ணீர் ஊற்றவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

இதழில் பச்சைக் கோடு ஓடும் வெள்ளை ரில்லியத்தை அபூர்வ வகை என்று யாராவது காட்டினால் வாங்கவே வேண்டாம். அது பைற்றோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரி உண்டாக்கும் நோய். இப்படிப்பட்ட செடி உங்கள் தோட்டத்தில் இருந்தால் தாய்ச்செடி வரிசையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

பழம் பறிக்கும் நேரம்

நாள்காட்டியில் மூன்று இடத்தில் குறித்து வையுங்கள். மே கடைசியிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை ஹெப்பாட்டிக்காவும் பிளட்ரூட்டும். ஜூலை கடைசியிலிருந்து ஓகஸ்ட் முற்பகுதி வரை வெள்ளை ரில்லியம், நம் கணக்கில் ஆடி மாதம். செப்டெம்பரில் ஜாக் இன் த புல்பிட்.

ஏமாற்றுபவை முதல் இரண்டும்தான். ஹெப்பாட்டிக்காவின் விதை பச்சையாக இருக்கும்போதே முற்றிவிடும். பழுப்பு நிறத்துக்குக் காத்திருந்தால் ஒன்றும் மிஞ்சாது. விரலால் மெதுவாகத் தொடும்போது உதிர்ந்தால் எடுத்துவிடுங்கள். பிளட்ரூட்டின் காய் வெளியே பச்சையாக இருக்கும்போதே வெடித்து விதையைக் கொட்டும். ஜூன் தொடக்கத்தில் ஒரு காயைப் பிளந்து பாருங்கள். உள்ளே விதை வெள்ளையாக இருந்தால் பொறுங்கள், பளபளப்பான பழுப்பாக இருந்தால் அன்றே பறியுங்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு நல்ல வழி, கல்யாண வீடுகளில் பரிசுப்பொருள் போட்டுக் கொடுக்கும் வலைப் பைகளைக் காயின் மேல் கட்டிவிடுவது. காய் வெடித்தாலும் விதை பைக்குள் இருக்கும்.

பையைக் கட்டாவிட்டால் எறும்பு முந்திக்கொள்ளும். பிளட்ரூட், ஹெப்பாட்டிக்கா, வைல்ட் ஜிஞ்சர், ரில்லியம் எல்லாவற்றின் விதையிலும் வெண்மையான ஒரு கொழுப்புத் துண்டு ஒட்டியிருக்கும், எலையோசோம் என்பார்கள். அஃபனோகாஸ்டர் இன எறும்புகள் விதையைப் புற்றுக்கு இழுத்துப் போய், அந்தத் துண்டைக் குஞ்சுகளுக்கு ஊட்டிவிட்டு, விதையைக் குப்பைப் பகுதியில் போடும். காட்டில் இந்தச் செடிகள் பரவுவது பெரும்பாலும் அப்படித்தான், ஓர் எறும்பு நடக்கும் தூரம் வரை. காட்டை ஒருமுறை அழித்துவிட்டால் பக்கத்துக் காட்டிலிருந்து இவை திரும்பி வர மிக நீண்ட காலம் எடுப்பதற்கும் இதுவே காரணம்.

வெள்ளை ரில்லியத்தின் பழம் வெளிறிய பச்சை, சிவப்பு ரில்லியத்தினது கருஞ்சிவப்பு. இரண்டிலும் பழம் மென்மையாகி, தண்டிலிருந்து சிறு தொடுகையில் கழன்று வந்தால் பழுத்துவிட்டது. உள்ளே விதை பழுப்பாக இருக்க வேண்டும்.

கழுவுவதும் காப்பதும்

பழத்தைத் தண்ணீரில் பிசைந்து, சல்லடையில் அலசி, சதையை நீக்குங்கள். எலையோசோமையும் முடிந்தவரை தேய்த்து எடுத்துவிடுங்கள். விதை முளைக்க அது தேவையில்லை, விட்டுவைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், எறும்பும் தட்டைத் தேடி வரும். சமையலுக்குப் பயன்படுத்தாத ஒரு தேநீர் வடி இதற்குப் போதும். ஜாக் இன் த புல்பிட் பழத்துக்கு மட்டும் கையுறை போட்டுக்கொண்டு, வாளித் தண்ணீரில் ஓரிரு நாள் ஊறவிட்டுப் பிறகு பிசையுங்கள்.

இங்கே ஒரு பழக்கத்தை மாற்ற வேண்டும். ஊரில் கத்தரி, மிளகாய், பூசணி எதுவானாலும் விதையை நிழலில் உலர்த்திச் சாம்பலில் பிரட்டி வைப்போம். அது அந்தப் பயிர்களுக்குச் சரி. இந்தக் காட்டு விதைகள் உலர்ந்தால் செத்துவிடும், அல்லது எழுப்ப முடியாத உறக்கத்துக்குப் போய்விடும். கழுவிய அன்றே விதைப்பதுதான் மேல். முடியாவிட்டால், பிழிந்தால் ஒரு சொட்டும் வடியாத அளவு ஈரமான வெர்மிகுலைற்றில் (ஈரம் பிடித்துவைக்கும் இலேசான கனிமத் துகள்) கலந்து, சிப்லொக் பையில் போட்டு, செடியின் பெயரும் திகதியும் எழுதி வையுங்கள். வாரம் ஒருமுறை திறந்து பார்த்துப் பூஞ்சணம் இருந்தால் மறுபடி கழுவுங்கள். கொலம்பைனுக்கு இந்தக் கவலை ஒன்றும் இல்லை, உலர்ந்தே இருக்கலாம்.

விதைத்தல்

மண் கலவை: மக்கிய பைன் பட்டை இரண்டு பங்கு, மக்கிய இலைத்தூள் ஒரு பங்கு, பெர்லைற் என்ற இலேசான வெள்ளைக் கனிமக் குறுணி ஒரு பங்கு. தண்ணீர் தங்கக்கூடாது, காயவும் கூடாது, இவை இரண்டும் நிறைவேறினால் கலவையின் அளவு கொஞ்சம் மாறினாலும் பரவாயில்லை. காட்டு மண்ணையோ தோட்ட மண்ணையோ கலக்காதீர்கள். களை விதையும் புழுவும் அதோடு வந்து சேரும்.

தட்டு குறைந்தது 10 சென்ரிமீற்றர் ஆழமாக இருக்கட்டும். ரில்லியத்தின் வேர்கள் சுருங்கும் தன்மை உடையவை, கிழங்கை ஆண்டுக்கு ஆண்டு கீழே இழுக்கும். ஆழமில்லாத தட்டில் இரண்டாம் ஆண்டே கிழங்குகள் அடியைத் தொட்டுவிடும். விதைகளைச் சுமார் ஒரு சென்ரிமீற்றர் இடைவெளியில் பரப்பி, ஒரு சென்ரிமீற்றர் மண்ணால் மூடி, மேலே பருமணல் அல்லது கோழிகளுக்குப் போடும் கருங்கல் குறுணி ஒரு படை பரப்புங்கள். பாசி பிடிக்காமலும், மழை விதையைக் கிளறாமலும் அது காக்கும். இவ்வளவு நெருக்கமா என்று கேட்பீர்கள். இந்த நாற்றுகள் மூன்று ஆண்டு அங்கேயே இருக்கப்போகின்றன, நெருக்கம் அவற்றுக்குத் தொந்தரவு இல்லை.

தட்டின் மேல் 6 மில்லிமீற்றர் கண்ணுள்ள கம்பி வலையைக் கட்டாயம் கட்டுங்கள். அணிலும் சிப்மங்கும் சுண்டெலியும் புதிதாகக் கிளறிய மண்ணைப் பார்த்தால் விடமாட்டா. பிறகு தட்டை வீட்டின் வடக்குப் பக்கத்தில், அல்லது மர நிழலில், மண்ணில் பாதி புதைத்து வையுங்கள். மேசையில் உயர்த்தி வைத்த தட்டு குளிர்காலத்தில் நான்கு பக்கமும் உறைந்து உறைந்து இளகும். நிலத்தில் புதைத்தது பனிப் போர்வைக்குள் ஒரே சீராக இருக்கும்.

பெயர்ச்சீட்டுக்கு இரண்டு வரி செலவிட வேண்டியிருக்கிறது. சாதாரண மார்க்கர் எழுத்து வெயிலில் ஓர் ஆண்டுக்குள் மறையும். பென்சில் மறையாது. அலுமினியத் தகட்டில் பென்சிலால் அழுத்தி எழுதி ஒன்றைத் தட்டுக்குள் புதைத்தும், ஒன்றை வெளியேயும் வையுங்கள். இனம், விதை எங்கிருந்து வந்தது, விதைத்த ஆண்டு. ஆண்டு இல்லாத தட்டைத்தான் யாராவது கொட்டுவார்கள்.

இரண்டு குளிர்காலம்

ரில்லியம் விதைக்கு இரட்டை உறக்கம். 2026 ஓகஸ்டில் விதைத்ததாக வைத்துக்கொள்வோம். முதல் குளிர்காலம் கழிந்து 2027 வசந்தம் வரும். பக்கத்துத் தட்டில் பிளட்ரூட் வட்ட இலையோடு நிற்கும், கொலம்பைன் கொத்தாக முளைத்திருக்கும், ரில்லியம் தட்டில் ஒன்றும் இருக்காது. பலரும் இந்த மே மாதத்தில்தான் மனம் விட்டுவிடுவார்கள். ஆனால் மண்ணுக்குள் அந்தக் கோடையில் விதை வெடித்து, வேர் விட்டு, அரிசி மணி அளவில் ஒரு கிழங்கு உருவாகிக்கொண்டிருக்கும். செப்டெம்பரில் நம்பிக்கை தளர்ந்தால் தட்டின் ஒரு மூலையை மட்டும் பென்சில் முனையால் மெல்லக் கிளறிப் பாருங்கள். வெள்ளை வேர் தெரியும். உடனே மூடிவிடுங்கள்.

எதுவும் தெரியாத இந்தக் கோடையில்தான் தட்டு காயக்கூடாது. விதை வெடித்த பிறகு காய்ந்தால் மறுபடி உறங்க அதற்கு வழியில்லை. தட்டு சும்மா கிடக்கிறது என்று நினைத்து விடுமுறைக்குப் போகாதீர்கள், பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

இரண்டாம் குளிர்காலம் முடிந்து 2028 ஏப்ரலில், புல் போல மெல்லிய ஒற்றை வித்திலை எழும்பும். களை என்று பிடுங்கிவிடாதீர்கள். அந்த ஆண்டு முழுவதும் அதற்கு அந்த ஒரு இலைதான். 2029 இல் இதய வடிவத்தில் ஒரு உண்மை இலை வரும். அதன் பிறகு ஒற்றை இலையாகவே ஓரிரு ஆண்டு, சில நாற்றுகள் அதற்கு மேலும் நிற்கும், கிழங்கு போதிய பருமன் அடைந்ததும் மூவிலையாக வரும். ஒரே தட்டில் விதைத்தவையும் ஒரே நேரத்தில் வளராது. பின்தங்கியவற்றைக் கழிக்க வேண்டாம், அவற்றால்தான் உங்கள் விற்பனை பல ஆண்டுகளுக்கு நீளும்.

பொறுமை குறைந்தவர்களுக்குக் குளிர்சாதனப் பெட்டி வழி உண்டு. ஈர வெர்மிகுலைற்றுப் பையில் இருக்கும் விதையை மூன்று மாதம் 4 பாகை செல்சியஸில் வைத்து, பிறகு வீட்டுச் சூட்டில் மூன்று மாதம் அல்லது வேர் தெரியும் வரை வைத்து, வேர் விட்டவற்றை மறுபடி மூன்று மாதம் குளிரில் வைத்து எடுத்தால், இரண்டு குளிர்காலத்தை ஓர் ஆண்டுக்குள் அடக்கிவிடலாம். மிச்சமாவது ஏறக்குறைய ஓர் ஆண்டு. கணக்கைச் சரியாகப் போட்டு, இலை எழும்புவது வசந்தத்தில் அமையும்படி செய்ய வேண்டும். நடுக் குளிர்காலத்தில் எழும்பினால் பேஸ்மன்ற்றில் விளக்கு வைத்துக் காப்பாற்ற வேண்டி வரும். கிப்பரெலிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கியைப் போட்டு முளைக்க வைப்பவர்களும் இருக்கிறார்கள், நெட்டையாகி விழும் நாற்றுகள் வருவதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

மாற்றி நடுதலும் ஊட்டமும்

ஒற்றை இலை மஞ்சளாகத் தொடங்கும் ஓகஸ்ட் கடைசி அல்லது செப்டெம்பர்தான் மாற்றி நட ஏற்ற நேரம். வசந்தத்தில் பச்சை இலையோடு பிடுங்கினால் அந்த ஆண்டின் சாப்பாடு போய்விடும். தட்டை அப்படியே கவிழ்த்து, மண்ணைக் கையால் உதிர்த்து, கிழங்குகளைப் பொறுக்கி, 8 முதல் 10 சென்ரிமீற்றர் இடைவெளியில் உயர்த்திய பாத்தியில் நடுங்கள். கிழங்கின் மேல் 3 முதல் 5 சென்ரிமீற்றர் மண். மேப்பிள் சருகைப் புல்வெட்டும் இயந்திரத்தால் ஓட்டி நொறுக்கி மேலே போடுங்கள். நொறுக்காத முழுச் சருகு நனைந்து தோல் போலப் படிந்து, வசந்தத்தில் முளையை எழும்ப விடாது.

பாத்திக்கு நிழல் வேண்டும். மர நிழல் இல்லாத முற்றமென்றால் 50 வீத நிழல் வலையை மே நடுப்பகுதியில் கட்டுங்கள். அதற்கு முன் கிடைக்கும் வெயில் அவற்றுக்கு நல்லது. ஏப்ரலில் இலை விரிந்ததும் திரவ உரத்தைப் பொதியில் சொன்னதில் பாதி வலுவில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஜூன் முடியும் வரை கொடுக்கலாம். காட்டுச் செடிக்கு உரம் தேவையில்லை என்று சிலர் சொல்வார்கள். காட்டில் தேவையில்லைதான். சாடியில் வளரும் நாற்றுக்குக் கொடுத்தால் வித்தியாசம் தெரியும்.

அடுத்த ஆண்டும் விதையுங்கள்

இந்தத் தொழிலின் கணக்கு இங்கேதான் இருக்கிறது. ஒரு ஆண்டு ஆயிரம் விதை போட்டுவிட்டு ஏழு ஆண்டு காத்திருப்பதை விட, ஒவ்வோர் ஆண்டும் ஒரு தட்டு, சுமார் 150 விதை என்று தொடர்ந்து போடுங்கள். முதல் தட்டு விற்பனைக்கு வரும் ஆண்டிலிருந்து ஆண்டுதோறும் ஒரு தட்டு வந்துகொண்டே இருக்கும். ஏழு தட்டும் சில பாத்திகளும் வைக்க ஒரு வீட்டின் பின்முற்றம் தாராளம். இடையில் வரும் ஆண்டுகளில் கொலம்பைன் இரண்டாம் ஆண்டிலும், பிளட்ரூட் மூன்றாம் ஆண்டிலும் பணம் கொண்டுவரும்.

புழுவும் பிறவும்

பனியுகத்தில் ஒன்ராறியோ முழுவதும் பனிப்பாறைக்குக் கீழே கிடந்ததால் இங்குள்ள காடுகள் மண்புழு இல்லாமல் உருவானவை. விவசாயத்துக்கு நண்பன் என்று நாம் படித்த மண்புழு, இங்கே ஐரோப்பாவிலிருந்து வந்தது. காட்டுத் தரையின் சருகுப் படையைத் தின்று தீர்த்து, ரில்லியம் நாற்றுகள் நிற்கும் இடத்தையே இல்லாமல் செய்கிறது. அண்மைக் காலத்தில் ஆசியாவிலிருந்து வந்த துள்ளும் புழு இன்னும் மோசம். தொட்டால் பாம்பு போலத் துள்ளும், மண்ணைக் கோப்பித் தூள் மாதிரி உதிரியாக்கிவிடும். முட்டைக்கூடு எளிதில் கண்ணில் படாத அளவு சிறிது, சாடி மண்ணோடு பயணம் செய்யும். எனவே யாரிடம் செடி வாங்கினாலும் மண்ணை முழுவதும் கழுவி வெறும் வேரோடு நடுங்கள், கழுவிய தண்ணீரைப் பாத்திப் பக்கம் ஊற்றாதீர்கள். உங்கள் நாற்றுமேடையில் துள்ளும் புழு கண்டால் விற்பனையை நிறுத்த வேண்டும், வேறு வழியில்லை.

நத்தை வசந்த மழையில் ஒற்றை இலையை ஓர் இரவில் தின்றுவிடும், இரும்புப் பொஸ்பேற் குறுணை தூவினால் கட்டுப்படும். முயலுக்கும் மானுக்கும் வேலிதான். களைகளில் கார்லிக் மஸ்ரர்ட்டைப் பூக்கும் முன் பிடுங்கிவிடுங்கள்.

விற்கும்போது

பூக்கும் வரை வைத்திருந்து விற்க வேண்டியதில்லை. மூவிலை விட்ட, இன்னும் பூக்காத செடியை ஐந்தாம் ஆறாம் ஆண்டில் குறைந்த விலைக்குக் கொடுங்கள். இளம் கிழங்கு இடமாற்றத்தைப் பெரிய கிழங்கை விட நன்றாகத் தாங்கும், வாங்குபவருக்கும் அது இலாபம். மீதியை ஒரு கலன் சாடிக்கு மாற்றிப் பூக்க விடுங்கள். விற்பனை மேசையில் ஓரிரண்டு பூத்த சாடி இல்லாவிட்டால் பூக்காத செடியை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

வீட்டிலிருந்து விற்பதற்கு உங்கள் நகரசபையின் வீட்டுத் தொழில் விதிகளை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். நியூ ஜேர்சியிலோ பஃபலோவிலோ இருக்கும் உறவினருக்குக் காரில் இரண்டு சாடி கொண்டுபோகலாம் என்று நினைக்க வேண்டாம். எல்லை தாண்டும் செடிக்குப் பயிர்ச்சுகாதாரச் சான்றிதழ் வேண்டும்.

ஓகஸ்டில் “உங்களிடம் வாங்கின செடி செத்துப்போச்சு” என்று தொலைபேசி வரும். சாகவில்லை, உறங்கப் போயிருக்கிறது. விற்கும் ஒவ்வொரு சாடியிலும் ஒரு சீட்டு ஒட்டிவிட்டால் இந்த அழைப்புகள் பாதியாகக் குறையும்: விதைத்த ஆண்டு, “கோடை முடிவில் இலை வாடும், கிழங்கு உயிரோடு இருக்கும், தோண்டிப் பார்க்க வேண்டாம், பூவை இலையோடு பறிக்க வேண்டாம்.” தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சடியுங்கள். தோட்டத்தில் தண்ணீர் ஊற்றுவது பெரும்பாலும் அம்மம்மாவும் அப்பப்பாவும்தான்.